எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எல்லாவற்றையும் குழப்பமில்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இலக்கண விதியை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரு குறளை எடுத்து அலகிட, அதாவது அசை அசையாகப் பிரித்து வாய்பாடு சொல்ல, வையுங்கள். அசை பிரிக்கக் கை பழகிவிட்டால் மீதி தானாக வரும். தொடங்குவதற்கு 391ஆம் குறள் மிகவும் தோதானது:

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

முதலில் ஒவ்வொரு எழுத்தின் மேலும் குறில், நெடில், ஒற்று என்று பென்சிலால் குறிக்கட்டும். குறிலோ நெடிலோ தனியாக வந்தாலும் ஒற்றோடு வந்தாலும் நேரசை. இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் அந்த வரிசையில் சேர்ந்தாலும் நிரையசை. பின்னால் ஒற்று வந்தால் அதுவும் இதிலேயே அடங்கும். நெடிலை அடுத்துக் குறில் வந்தால் சேராது. அதனால்தான் ‘ஆதி’ என்பது ஆ/தி, நேர் நேர். பாதிப் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அசைகள் சேர்ந்தது சீர். ஒவ்வொரு சீருக்கும் ஒரு வாய்பாடு உண்டு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம்; குறளின் கடைசிச் சீர் தனி நிரையானால் மலர். இப்போது பிரித்தால்: கற்/க தேமா, கச/டறக் கருவிளம், கற்/பவை கூவிளம், கற்/றபின் கூவிளம், நிற்/க தேமா, அதற்/குத் புளிமா, தக மலர்.

‘கற்றபின்’ என்பதைக் கற்/ற/பின் என்று மூன்றாக்கித் தேமாங்காய் (நேர் நேர் நேர்) என்று எழுதுவார்கள். ற, பி இரண்டும் குறில், நடுவில் ஒற்று இல்லை, சேர்த்தே ஆகவேண்டும். இந்தத் தவறைத் தளை (ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் இணையும் முறை) பார்த்தும் பிடிக்க முடியாது. விளம் முன் நேர் (விளத்தில் முடியும் சீரை அடுத்து நேரசை) வந்தாலும் காய் முன் நேர் வந்தாலும் வெண்டளைதான், அதாவது வெண்பாவுக்கு உரிய தளைதான். மா முன் நிரை வரவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு குறளுக்கு வேண்டிய தளை அவ்வளவுதான்.

அடியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். முதலடி நான்கு சீர், அளவடி. இரண்டாமடி மூன்று சீர், சிந்தடி. குறளில் இருப்பதால் ‘குறளடி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. குறளடி இரண்டு சீர் கொண்டது, வேறு.

மோனை, எதுகை போன்ற தொடைக்கும் இதே குறள் போதும். முதலடியின் நான்கு சீரும் ‘க’வில் தொடங்குகின்றன: முற்றுமோனை. ‘கற்க’, ‘நிற்க’ இரண்டிலும் இரண்டாம் எழுத்து ‘ற்’: அடி எதுகை. எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘கற்க’வுக்குக் ‘காற்று’ எதுகை ஆகாது. கடைசி ஓசை ஒத்துவந்தால் அது இயைபு.

அடுத்த பயிற்சிக்கு ‘அகர முதல’ குறளைக் கொடுங்கள். பொருள் புரியட்டும் என்று ‘எழுத்து எல்லாம்’ எனப் பிரித்து எழுதிக் கொடுத்துவிடாதீர்கள், முதலடியில் ஐந்து சீர் வந்துவிடும். ‘எழுத்தெல்லாம்’ ஒரே சீர்: எழுத்/தெல்/லாம், புளிமாங்காய். ஈற்றுச்சீர் ‘உலகு’ என்பதைப் புளிமா என்றுதான் முதலில் எழுதுவார்கள். குற்றியலுகரத்தில் முடிவதால், வெண்பாவின் கடைசியில் அதற்கு வாய்பாடு பிறப்பு.