மூன்று நாளில் இரண்டரை கிலோ ஏறினால்

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. ஹார்ட் ஃபெயிலியருக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். எடை வழக்கமாக 68 கிலோவை ஒட்டி அரை கிலோ ஏறும், இறங்கும். போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார். மூன்றே நாளில் 70.5 ஆகிவிட்டது. "விருந்துச் சாப்பாடு, தானா குறைஞ்சிடும்" என்கிறார். விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இன்றே அவருடைய மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

அரை கிலோ ஏற்ற இறக்கம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இரண்டரை கிலோ கொழுப்பு சேர, செலவாவதற்கு மேல் கிட்டத்தட்ட 19,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் அது நடக்காது. ஏறியிருப்பது பெரும்பாலும் நீர். இதயம் சரியாகப் பம்ப் செய்யாதபோது, உடம்பில் நீர் போதவில்லை என்று சிறுநீரகம் தப்புக்கணக்குப் போட்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. கால் வீங்கித் தெரிவதற்குள் சில லிட்டர் சேர்ந்துவிடும் என்பதால், எடை மெஷின்தான் முதலில் சொல்லும்.

மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மெஷினில், ஒரே மாதிரி உடையில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சாயங்காலம் பார்த்த எடையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

காரணத்தையும் தேடுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றை அதிகம் சாப்பிட்டாரா? மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஏதும் கடையில் வாங்கிப் போட்டாரா? பலர் மருத்துவரிடம் சொல்லாத சங்கதி இது, உடம்பில் நீரைத் தேக்கும். பயணத்தில் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டுமே என்று நீர் மாத்திரையைத் தள்ளிவிட்டாரா? இந்துப்பு நல்லது என்று நம்புகிறவராக இருந்தால், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் இருக்கும்; ஸ்பைரோனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற இதய மாத்திரைகள் சாப்பிடுபவர் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

எடை இறங்குவதும் எப்போதும் நல்ல செய்தி அல்ல. தலைசுற்றலோடு சட்டென்று குறைந்தால் நீர் அதிகம் வெளியேறியிருக்கலாம். மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தால் தசை கரைகிறதா என்று பார்க்க வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுவாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ 108. நீர் மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். எடை எவ்வளவு ஏறினால் எத்தனை மாத்திரை என்று சில மருத்துவர்கள் முன்கூட்டியே எழுதித் தருவார்கள். அடுத்த முறை போகும்போது அதைக் கேட்டு வாங்கி வையுங்கள்.