பம்ப் அடித்தால் மூச்சு சீராகிறதே, அப்புறம் எதற்குச் சீட்டு?

ஆஸ்துமா இன்ஹேலரை மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்லைனில் வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு மருந்தாளுநர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: வீசிங் வந்தால் அஸ்தாலின் இரண்டு அடி அடிப்பேன், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். ஆறு வருடமாக இதே மருந்துதான். மாதம் ஒன்று ஆன்லைனில் வரவழைக்கிறேன். இதற்கு ஒவ்வொரு தடவையும் டாக்டருக்கு ஃபீஸ் கட்ட வேண்டுமா சார்?

முதலில் கணக்குப் போடுவோம். அஸ்தாலினில் இருக்கும் மருந்தின் பெயர் சால்புடமால். ஒரு பம்பில் 200 அடி, அடிக்கு 100 மைக்ரோகிராம். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் நாளுக்கு ஆறேழு அடி. ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் ஜினா வழிகாட்டி, வருடத்துக்கு 3 பம்ப் தீர்ந்தாலே கடுமையான தாக்குதலுக்கு வாய்ப்பு கூடும் என்கிறது. 12 ஆனால் உயிருக்கே ஆபத்து கூடும் என்கிறது. நீங்கள் 12-இல் நிற்கிறீர்கள்.

சால்புடமால் மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையைத் தளர்த்தும். நான்கைந்து மணி நேரம் தாங்கும். குழாயின் உள்சுவரில் இருக்கும் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை வடியவைப்பது புடெசோனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள். அதனால்தான் 2019-இலிருந்து சால்புடமாலை மட்டும் தனியாக வைத்து ஆஸ்துமாவை ஓட்டுவதை ஜினா பரிந்துரைப்பதில்லை. ஆன்லைன் என்றதும் போலி மருந்து வந்துவிடுமோ என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எனக்கு அசல் மருந்தின் மேல்தான் கவலை அதிகம். அது நன்றாக வேலை செய்வதால்தான் உள்ளே வீக்கம் ஏறுவது வருடக்கணக்கில் தெரியாமல் போகிறது.

ஒவ்வொரு தடவையும் போக வேண்டியதில்லை. ஒருமுறை நுரையீரல் மருத்துவரிடம் போய், ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்து, தினசரி மருந்தையும் எத்தனை மாதத்துக்கு என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதே சீட்டை ஆன்லைனிலும் ஏற்றலாம். அதுவரை அஸ்தாலினை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மெடிக்கலில் கேட்டாலே கொடுக்கிறார்களே? சட்டம் என்ன சொல்கிறது?

கொடுக்கக் கூடாது. சால்புடமாலும் புடெசோனைடும் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஹெச் அட்டவணையில் உள்ளவை. அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருக்கும். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும்.

கேள்வி: அஸ்தாலின் கேட்டேன், ஸ்டாக் இல்லை என்று லெவோலின் அனுப்பியிருக்கிறார்கள். 50 என்று போட்டிருக்கிறது. பாதி டோஸ்தானே, நான்கு அடி அடிக்கலாமா?

வேண்டாம். சால்புடமால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இரு பாதிகளின் கலவை. குழாயை விரிக்கும் பாதியை மட்டும் பிரித்தெடுத்ததுதான் லெவோலினில் இருக்கும் லெவோசால்புடமால். ஆகவே 50 என்பது பழைய 100-க்குச் சமம்தான். டியோலின் என்ற பம்பிலும் இதே மருந்து, குழாயை விரிக்கும் இன்னொரு மருந்தான இப்ராட்ரோப்பியத்துடன் சேர்ந்து இருக்கிறது. மூன்று பெயரில் மூன்று பம்ப் வாங்கி மாற்றி மாற்றி அடித்தால், ஒரே மருந்தைத்தான் மூன்று மடங்கு அடிக்கிறீர்கள். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும்.

கேள்வி: புடெகார்ட் 200 ஆர்டர் செய்தேன். பம்ப் வரவில்லை, டப்பாவில் மாத்திரைதான் வந்திருக்கிறது. அம்மா தினமும் இரண்டு போட்டுக்கொள்கிறார், பலனே இல்லை.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. அது விழுங்கும் மாத்திரை அல்ல, புடெசோனைடு பொடி அடைத்த ரோட்டாகேப். உள்ளே இருக்கும் பொடியை ரோட்டாஹேலர் என்ற தனிக் கருவியில் போட்டு, திருகி, வேகமாக ஆழ்ந்து இழுக்க வேண்டும். விழுங்கினால் நுரையீரலுக்கு எதுவும் போகாது. இத்தனை நாள் விழுங்கியதால் பெரிய கெடுதல் இருக்காது. ஆனால் அத்தனை நாளும் அம்மா மருந்தே இல்லாமல் இருந்திருக்கிறார், அதுதான் ஆபத்து. இன்ஹேலர், ரோட்டாகேப், நெபுலைசரில் ஊற்றும் ரெஸ்ப்யூல் மூன்றும் ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் பட்டியலாகும். சீட்டில் வடிவமும் எழுதியிருக்கும்; சீட்டில்லாமல் வாங்கும்போது நழுவுவது இதுதான். இழுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ராத்திரி படுத்தால் இரைக்கிறது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை. என் பம்ப்பையே அவருக்கும் ஒன்று வரவழைக்கலாமா?

வரவழைக்காதீர்கள். படுத்தால் திணறல், உட்கார்ந்தால் தேவலை, கூடவே கால் வீக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் விசில் சத்தம் வரும். நாளைக்கே ஈசிஜி, எக்கோ எடுக்கப் பாருங்கள். உட்கார்ந்தும் திணறினால் இன்றைக்கே 108.

குழந்தைகளிலும் இப்படி உண்டு. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தைக்குத் திடீரென்று இருமலும் வீசிங்கும் வந்தால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். எத்தனை அடி அடித்தாலும் கொட்டை கரையாது.

கேள்வி: பதற்றத்துக்கு ப்ரோப்ரனலால் சாப்பிடுகிறேன். கூடவே பம்ப்பும் உண்டு.

இரண்டும் எதிரும் புதிரும். ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், சால்புடமாலையும் வேலை செய்ய விடாது. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படியே. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல், இந்த வாரமே எழுதிக் கொடுத்தவரைப் பாருங்கள்.

கேள்வி: பார்சல் வந்ததும் எதைச் சரிபார்க்க வேண்டும்?

அட்டையிலும் பம்பிலும் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூஆர் குறியீடு கட்டாயம். உங்கள் அட்டையில் இருந்தால் ஸ்கேன் செய்து அதே எண் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். கடையின் உரிம எண்ணோடு பில் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். முதல்முறை நன்றாகக் குலுக்கி நான்கு அடி காற்றில் அடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள்.

கேள்வி: சீட்டும் இல்லை, ராத்திரி நேரம், மூச்சு முட்டுகிறது. கையில் பழைய பம்ப் ஒன்றுதான் இருக்கிறது என்றால்?

நேராக உட்காருங்கள். ஸ்பேசரில் (பம்பை ஒரு முனையில் மாட்டி மறுமுனையில் இழுக்கும் கூடு) ஒரு அடி, நான்கைந்து மூச்சு. மறுபடி குலுக்கி அடுத்த அடி. இப்படி நான்கு அடி. ஸ்பேசர் இல்லையென்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டு, பாட்டில் வாயில் இழுக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பூக்கிறது, அல்லது நான்கு அடிக்குப் பிறகும் தணியவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்யலாம்.

கேள்வி: பழைய பம்பில் மருந்து மிச்சமா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?

கூடாது. 200 அடி முடிந்த பிறகும் உள்ளே வாயு மிச்சமிருக்கும். புஸ்ஸென்று சத்தம் வரும், மருந்து வராது. தண்ணீர் போனால் வால்வும் கெடும். எண் காட்டாத பம்ப் என்றால் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.