மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 54. திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பதினொரு வருடமாகச் சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் போடுகிறேன். சுகர் இருந்தால் குடல் புற்றுநோய் வரும் என்று கடைக்கு வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து தூக்கம் இல்லை. உண்மையா டாக்டர்? எனக்கும் ஆறு மாதமாக எப்போதாவது மலத்தில் ரத்தம் தெரிகிறது. மூலச்சூடுதான் என்று மோர் குடித்துச் சமாளிக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடு போட்ட இடம் ‘ஆறு மாதமாக’ என்பது. அதற்கு வருகிறேன். முதலில் அவர் சொன்னதைப் பார்ப்போம்.

தொடர்பு இருப்பது உண்மை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுகர் உள்ளவர்களுக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல். இதைக் கேட்டு நூற்றில் முப்பது பேருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், சுகர் உள்ள ஆயிரம் பேரில் பதின்மூன்று பேருக்கு வரும். கணக்கு அவ்வளவுதான்.

ஏன் கூடுகிறது? டைப் 2 சுகரில் ஆரம்ப வருடங்களில் இன்சுலின் குறைவதில்லை. உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காததால் கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிக்கும் சுரப்பு அல்ல, செல்களை வளரச் சொல்வதும் அதுதான். குடலின் உள்தோலோ நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைக்கும் இடம். அங்கே ‘வளர், வளர்’ என்ற உத்தரவு வருடக்கணக்கில் ஓயாமல் போனால், தப்பாக முளைத்த செல்லும் சேர்ந்து வளர்கிறது. தொப்பையும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் இரண்டு நோய்க்குமே பொதுவான காரணங்கள். கல்லாவில் உட்காருகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த ஆறு மாதம். என் அப்பாவும் சுகர்காரர், மன்னார்குடியில் ஓய்வுபெற்ற வாத்தியார். ரத்தம் தெரிந்ததும் கருணைக்கிழங்கு மசியல், துத்திக் கீரை என்று ஒன்றரை வருடம் ஓட்டினார். என்னிடம் சொல்லக் கூச்சம். ஞாயிறுதோறும் அவர் விரலில் ஊசி குத்திச் சுகர் பார்த்தவன் நான்தான். அந்தத் துளி வரவர வெளிறி, நீர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. மெஷின் காட்டிய எண் நன்றாக இருந்ததால் துளியை நான் பார்க்கவே இல்லை. ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், உரித்த பூண்டு மாதிரி வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 7.2, கடுமையான ரத்தசோகை. அவருக்கு மூலமும் இருந்தது, அதற்கு மேலே புற்றுக் கட்டியும் இருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது வருடம் எங்களோடு இருந்தார். ஆனாலும் அந்த ஒன்றரை வருடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

உங்களுக்கும் வெறும் மூலமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரையோ குடல் மருத்துவரையோ பாருங்கள். விரலால் சோதிப்பார், கூச்சப்படாதீர்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வயதுக்கு கொலோனோஸ்கோபியும் (கேமரா வைத்த மெல்லிய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுக் குடலைப் பார்ப்பது) சொல்வார், தள்ளிப்போடாதீர்கள். பாலிப் என்கிற சின்னச் சதை முளை புற்றாக மாற பெரும்பாலும் பத்து வருடமாவது ஆகும். அதற்குள் கண்ணில் பட்டால் அந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம். அமெரிக்காவில் 2021 முதல் தொந்தரவே இல்லாதவர்களுக்கும் 45 வயதில் இந்தச் சோதனைகளைத் தொடங்கச் சொல்கிறார்கள். நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான். குடலுக்கு நாமாகத்தான் போய்க் கேட்க வேண்டும்.

ஒன்று மறக்காதீர்கள். கொலோனோஸ்கோபிக்கு முதல்நாள் தெளிவான திரவ உணவு மட்டும்தான், அப்புறம் குடலைச் சுத்தமாக்கப் பேதி மருந்து. வழக்கமான அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சுகர் இறங்கிவிடலாம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் போட்டால் வயிறு கலக்குகிறது. குடலைக் கெடுத்துப் புற்றுநோய் வந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன். சரியா? (திருவாரூர் வாசகி)

பதில்: சரியில்லை அம்மா. வயிறு கலக்குவது இந்த மாத்திரையின் தெரிந்த தொந்தரவு, அதனால் புற்றுநோய் வராது. சொல்லப்போனால், இதைச் சாப்பிடுபவர்களுக்குக் குடல் புற்று சற்றுக் குறைவு என்றே சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகவே சாப்பிடும் அளவுக்கு இன்னும் நிரூபணம் இல்லை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடுங்கள். மெதுவாகக் கரையும் வகையும் இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பல மாதம் ஒத்துக்கொண்டிருந்த மாத்திரை திடீரென்று கலக்க ஆரம்பித்தது என்றால் மட்டும், மாத்திரைமேல் பழியைப் போடாமல் வயிற்றைக் காட்டுங்கள்.