மூன்று லட்சத்தை வாங்காமல் ரெண்டு வட்டி கட்டலாமா?

கேள்வி: முடிச்சூரில் சொந்த வீடு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டு இன்சூரன்ஸ் பாலிசியில் கட்டடத்துக்கு 30 லட்சம் எடுத்திருந்தேன். காம்பவுண்டுச் சுவரை உயர்த்தியது, புது மாடுலர் கிச்சன் எல்லாம் சேர்த்து 6.5 லட்சம் கேட்டதற்கு, சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் சேதம் 5 லட்சம்தான் என்றார். கம்பெனியோ, "வீட்டின் மதிப்பு 50 லட்சம், நீங்கள் குறைத்து எடுத்துவிட்டீர்கள்" என்று 3 லட்சம்தான் தருவதாகக் கடிதம் அனுப்பியது. எட்டு மாதமாக அதை வாங்காமல் இருக்கிறேன். ரிப்பேருக்கு 5 லட்சம் ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கிறேன். என் மைத்துனர் வக்கீல். கேஸ் போட்டால் மன உளைச்சலுக்கும் சேர்த்து வாங்கலாம் என்று 25,000 முன்பணம் வாங்கிக்கொண்டார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு மாதம் 10,000 ரூபாய் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எட்டு மாதத்தில் 80,000 போய்விட்டது. அந்த 3 லட்சத்தை வாங்கி அப்போதே கடனை அடைத்திருந்தால் அதில் 48,000 மிஞ்சியிருக்கும். கேஸ் இரண்டு வருஷம் இழுத்தால் வட்டி மட்டும் 2.4 லட்சம். உண்மையில் சண்டை எவ்வளவுக்கு? சர்வேயர் எழுதிய 5 லட்சத்தில் வராத 2 லட்சத்துக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை மறந்துவிடுங்கள். காம்பவுண்டுச் சுவரை உயர்த்திய செலவையும் புது மாடுலர் கிச்சனையும் பில்லில் சேர்த்தால் எந்தக் கம்பெனியும் தராது.

அந்த 2 லட்சத்தில் உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. 30-ஐ 50-ஆல் வகுத்து 5 லட்சத்தை 3 லட்சமாக்கியிருக்கிறார்கள். பழைய தீ பாலிசிகளில் அப்படித்தான் வெட்டுவார்கள். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷாவில், குறைவான தொகைக்கு எடுத்ததற்காக இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என்று பாலிசியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வையுங்கள்.

முதலில் 3 லட்சத்தை வாங்குங்கள். "முழுத் தீர்வாக அல்ல, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று அதே நாளில் மெயில் போடுங்கள். டிஸ்சார்ஜ் வவுச்சரில், அதாவது பணம் பெற்றதற்கான ரசீதில், வாங்கிய கையெழுத்தைக் காட்டி பாலிசிதாரரின் வழியை அடைக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-லேயே கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வந்த பணம் அப்படியே அசலுக்குப் போக வேண்டும். மீதி 2 லட்சத்துக்கு வீட்டு நகையை வங்கியில் வையுங்கள். வருஷத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,700 பக்கம்தான்.

அப்புறம், கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஏஜென்ட்டிடம் போனில் புலம்பியது கணக்கில் வராது. ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, பாலிசிதாரர் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது, ஆன்லைனிலும் கொடுக்கலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது. முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால், ஆவணங்கள் முழுதாகச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு. அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் பணம் தர வேண்டும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதற்குப் பிறகும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மன உளைச்சலுக்கென்று ஆம்புட்ஸ்மனிடம் எதுவும் கிடைக்காது, அதை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் புகாருக்குக் கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் அவரிடம் போக வேண்டும்; அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது, இந்த வாரமே எழுதுங்கள். நுகர்வோர் வழக்கை முதலில் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மன் உங்கள் புகாரைத் தொடவே மாட்டார்.

"கிளெய்ம் மீட்டுத் தருகிறோம், வந்ததில் பங்கு கொடுங்கள்" என்று இப்போது நிறைய விளம்பரம் வருகிறது. இலவசமாக நடக்கும் வேலைக்குப் பங்கு எதற்கு?

மைத்துனரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆம்புட்ஸ்மன் முன் வக்கீலாக அவர் வாதாட முடியாது, ஆனால் புகார்க் கடிதத்தை நன்றாக எழுதித் தருவார். அந்த 25,000-ஐத் திருப்பிக் கொடுத்தால் அதையும் அசலில் கட்டிவிடுங்கள்.