மூத்த பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு: கேள்வி பதில்

தருமபுரியில் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். இடுப்பெலும்பு முறிந்து என்னிடம் வந்த மூத்த பெண்களில் ஏறக்குறைய எல்லாருமே விழுந்தவர்கள். எனவே எலும்பின் வலுவை மட்டுமல்லாமல், விழாமல் நிற்கும் கால்களின் வலுவையும் மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: மாமியாருக்கு வயது 68. தினமும் கால்சியம் மாத்திரை கொடுக்கிறோம். அது போதாதா?

போதாது. அமெரிக்காவில் 36,282 பெண்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் அல்லது வெற்று மாத்திரையும் கொடுத்துச் சராசரியாக ஏழு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2006-இல் வெளியானது. சத்து மாத்திரை பெற்றவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி சுமார் 1 விழுக்காடு கூடியதே தவிர, முறிவு குறைந்ததென்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வேறுபாடு தெரியவில்லை. சிறுநீரகக் கல்லோ 17 விழுக்காடு கூடியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் முதலில் தட்டைப் பாருங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் கிண்டிய களியில் ஏறத்தாழ 350, இரண்டு தம்ளர் பாலில் 450-க்கு மேல், ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையில் 150 என்று கணக்கிட்டால், நம் பாட்டிமார் உண்ட உணவே பெரும்பகுதியைத் தந்துவிடுகிறது. களியை விட்டு மூன்று வேளையும் சோற்றுக்கு மாறியதுதான் எனக்கு வருத்தம்.

அதைவிடப் பெரிய குறை புரதம். தனியாக இருக்கும் மூத்த பெண்கள் பலர் காலையில் காபியும் பன்னும், மதியம் ரசம் சோறும் உண்டு நாளை முடித்துவிடுகிறார்கள். 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. கொள்ளு, அவரை, பருப்பு, முட்டை, தயிர் என்று வேளைதோறும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளட்டும்.

பென்னாகரத்திலிருந்து: எங்கள் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். அது எலும்பைக் கெட்டியாக்கும் என்கிறார்கள். அப்படியானால் நல்லதுதானே?

நல்லதன்று. ஃபுளோரைடு மிகுந்தால் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் நொறுங்கும் தன்மை கொண்டதாகிவிடும். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் நல்ல எண் வந்தாலும் நம்பிவிட முடியாது. கால்சியம் குறைவாக உண்பவர்களுக்குப் பாதிப்பு இன்னும் கூடுதல். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே இந்தக் காரணத்தால்தான். குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பிடித்து வையுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் இருக்கட்டும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது.

கிருஷ்ணகிரியிலிருந்து: எனக்கு வயது 63. தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். வேறு பயிற்சியும் வேண்டுமா?

நடையை விடாதீர்கள், அம்மா. அமெரிக்கச் செவிலியர் 61,200 பேரைக் கவனித்து 2002-இல் வெளிவந்த ஆய்வில், வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது நடந்தவர்களுக்கு, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக நடந்தவர்களைவிட இடுப்பு முறிவு 41 விழுக்காடு குறைவாக இருந்தது. உடல்நலம் உள்ளவர்களே அதிகம் நடப்பார்கள் என்பதால் முழுப் பெருமையையும் நடைக்கே கொடுக்க முடியாது. மேலும், தடுமாறும்போது உடலைத் தாங்கிப் பிடிக்கும் திறன் நடையால் மட்டும் வந்துவிடாது.

சுவரோடு ஒட்டிப் போட்ட, கை வைக்காத நாற்காலியில் நுனியில் அமருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, முன்னால் சாய்ந்து எழுங்கள். எழுவதைவிட மெதுவாக, மனத்துக்குள் நான்கு எண்ணியபடி உட்காருங்கள். தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பயன் பாதி போய்விடும். பத்து முறை, காலையும் மாலையும். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து நொடி நில்லுங்கள். சில வாரங்களில் ஒரு விரல் தொட்டாலே போதுமென்றாகும். சமநிலைப் பயிற்சியைத் தொடர்ந்து செய்வோரிடம் விழுதல் ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது.

காரிமங்கலத்திலிருந்து: அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். எலும்பும் தேய்ந்திருக்குமா?

இரண்டும் வேறு. மூட்டுத் தேய்மானம் குருத்தெலும்பில் தொடங்குவது. எலும்பு மெலிவு வலியே இல்லாமல் வளர்வது. 65 வயது கடந்திருந்தால் எலும்பு அடர்த்தியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அரூரிலிருந்து: பாட்டி இரவில் விழுந்துவிட்டார். கால் குட்டையாகத் தெரிகிறது, எழ முடியவில்லை. கட்டுப் போடுபவரிடம் காட்டலாமா?

காட்டாதீர்கள். கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் அது பெரும்பாலும் இடுப்பெலும்பு முறிவுதான். நிற்க வைத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள். 'இந்த வயதில் ஆபரேஷனா' என்று தயங்குவதால்தான் படுக்கைப் புண்ணும் நுரையீரல் தொற்றும் வந்து சேர்கின்றன. உடல்நிலை இடம் கொடுத்தால் இரண்டு நாளுக்குள் அறுவை செய்து, மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைப்பதுதான் உயிரைக் காக்கும் வழி. வீடு திரும்புமுன், மற்ற இடுப்பும் முறியாமலிருக்க எலும்பு மெலிவுக்கான மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இதை யாரும் கேட்பதில்லை. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு முழுதும் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.