தரையில் உட்கார்ந்து பாடிய பாட்டு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பதினாறு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறேன். மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதத்துக்காக மாணவர்கள் நடத்திய விழாவுக்கு எங்களையும் வரச்சொல்லியிருந்தாள். பொரித்த கோழி, சீஸ் போட்ட மக்ரோனி, ஏதோ கீரை என்று சாப்பாடு பிரமாதம். பெண்கள் வரிசையாக நின்று காலால் தரையை அடித்தும் தொடையில் தட்டியும் ஒரு ஆட்டம் ஆடினார்கள். கடைசியில் ஒரு பாடகர் குழு அடிமைக் காலத்துப் பாட்டு ஒன்றைப் பாடியது. அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என் மனைவி காதோரம் கேட்டாள்: "இது ஒப்பாரி மாதிரில்ல இருக்கு? இதுக்கு எதுக்குக் கைதட்டுறாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பும்போது காரில் எங்களுடன் வந்த நண்பர், "இவங்களுக்கு மட்டும் எதுக்குத் தனி மாசம்? நமக்கு யார் குடுத்தா? அதுவும் வருஷத்துலயே சின்ன மாசமாப் பாத்துக் குடுத்திருக்கான்" என்றார். நான் சும்மா தலையாட்டிவைத்தேன். பின்சீட்டில் இருந்த மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டே நாளில் பேசிவிட்டாளே, நல்ல பெண்.

முதலில் நண்பருக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த மாதத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. 1926இல் கார்ட்டர் உட்சன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் தொடங்கியபோது அது மாதமும் அல்ல, வாரம். பிப்ரவரியின் இரண்டாவது வாரம். லிங்கன் பிறந்தது பிப்ரவரி 12. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அடிமை ஒழிப்பின் பெருங்குரலாக ஆன ஃப்ரெடரிக் டக்ளஸுக்கு 14. (அது அவரே வைத்துக்கொண்ட தேதி. அடிமை வீட்டுக் குழந்தைக்குப் பிறந்த நாளை யார் குறித்துவைத்தார்கள்?) இந்த இரண்டு நாட்களையும் கறுப்பின மக்கள் முன்பிருந்தே கொண்டாடி வந்தார்கள். ஏற்கெனவே பந்தல் போட்டிருந்த இடத்தில் உட்சன் தன் கூட்டத்தைக் கூட்டினார், அவ்வளவுதான். 28 நாள் கணக்கெல்லாம் அவர் பார்க்கவில்லை.

இந்த உட்சனைப் பற்றி ஒரு விஷயம். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். இளைஞனாக மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு சுரங்கத் தொழிலாளி. அடிமை முறையை ஒட்டி அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் சண்டையிட்டவர், எழுதப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்து அவர் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள். உட்சன் செய்தித்தாளை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். கூலி, தின்பண்டம். நம் டீக்கடையில் ஒருவர் தினத்தந்தி வாசிக்க நாலு பேர் கேட்பார்களே, அதே காட்சிதான். செய்தியைக் கேட்டுவிட்டு அந்தக் கிழவர்கள் போரில் தாங்கள் கண்டதைச் சொல்லத் தொடங்குவார்கள். புத்தகத்தில் இல்லாத வரலாறு ஒன்று இருக்கிறது என்பது அவருக்கு அங்கேதான் தெரிந்தது. இருபது வயதில்தான் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தார். 1912இல் ஹார்வர்டில் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கினார்.

வாரத்தை மாதமாக்கியது மாணவர்கள். ஒஹாயோவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள் 1969 பிப்ரவரியில் அதை முன்மொழிந்து, 1970 ஜனவரி 2 முதல் பிப்ரவரி 28 வரை நடத்திக் காட்டினார்கள். வாஷிங்டனில் இருக்கும் அரசாங்கம் ஆறு வருடம் கழித்து, 1976இல் வந்து சேர்ந்துகொண்டது. அதே கென்ட் ஸ்டேட்டில் 1970 மே 4 அன்று தேசியக் காவல் படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். அது உலகத்துக்கே தெரியும். பதினோரு நாள் கழித்து மிசிசிப்பியில், ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியில் மாணவியர் விடுதியைப் பார்த்துப் போலீஸ் சுட்டதில் இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். உங்கள் நண்பர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். தனி மாதம் எதற்கு என்று அதன்பிறகு பேசலாம்.

நண்பருக்கு இது போதும். உங்கள் மனைவி கேட்டதுதான் கேள்வி. ஏனென்றால் அதை முதலில் கேட்டவர்கள் அந்தப் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள்.

டென்னசி மாநிலம் நாஷ்வில்லில் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் 1866இல் ஆரம்பித்தது. பெயர்தான் பல்கலைக்கழகம். இருந்தது போர்க்காலத்து ராணுவ மருத்துவமனையின் மரக் கொட்டகைகளில். விடுதலையாகி ஒரு வருடம்கூட நிறையாத ஜனங்கள், ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவரும், எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தார்கள். பாடப்புத்தகம் வாங்கக் காசில்லை. ஊரில் அடிமைகளை அடைத்து விற்ற கொட்டடி பாழடைந்து கிடந்தது. அதில் துருப்பிடித்துக் கிடந்த கைவிலங்குகளையும் கால்விலங்குகளையும் பழைய இரும்புக்குப் போட்டு, அந்தக் காசில் புத்தகம் வாங்கினார்கள். இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

அங்கே படிக்க வந்தவர்களில் ஒருத்தியின் பெயர் எல்லா ஷெப்பர்ட் (Ella Sheppard). 1851இல் அடிமையாகப் பிறந்தவள். குழந்தையாக இருந்தபோதே தகப்பன் அவளை 350 டாலர் கொடுத்து மீட்டார். பெற்ற பிள்ளையை விலை கொடுத்து வாங்கினார் என்று படிக்க வேண்டும். பிறகு சின்சினாட்டியில் அவள் பியானோ கற்றுக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார ஆசிரியர் போட்ட நிபந்தனை: வெளியே சொல்லக் கூடாது, ராத்திரியில்தான் வர வேண்டும், அதுவும் பின்வாசல் வழியாக. ஃபிஸ்க்குக்கு வந்தபோது அவள் கையில் இருந்தது ஆறு டாலர்.

கல்லூரியின் பொருளாளர் ஜார்ஜ் வைட் பாட்டுப் பைத்தியம். மாணவர்களைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். மேடையில் அவர்கள் பாடியதெல்லாம் வெள்ளைக்காரர்களின் பாட்டு. தாய் தகப்பன் பருத்திக் காட்டில் பாடிய பாட்டை வெளியில் பாடுவதே இல்லை. ஏன் என்று ஷெப்பர்ட் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பாட்டுகள் அடிமை நாட்களோடு சேர்ந்தவை, மறக்க வேண்டியவை. அதோடு, பெற்றோருக்கு அவை புனிதமானவை. மறக்க வேண்டியது, புனிதமானது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார் பாருங்கள். வைட்டின் அறையில் நாற்காலி குறைவு. தரையில் உட்கார்ந்து, ஒருவர் ஊர்ப் பாட்டை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து, தாழ்ந்த குரலில் பாடிப்பார்த்தார்கள். இவற்றை மேடையில் பாடுவோம் என்று நினைக்கவே இல்லை என்கிறார் ஷெப்பர்ட்.

என் ஆயா நடவுப் பாட்டில் கெட்டிக்காரி. நான் கல்லூரியில் படித்தபோது நண்பன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு டேப் ரிக்கார்டரோடு போனேன். "அது சேத்துல நின்னு பாடறது. திண்ணையில உக்காந்து பாடுனா நல்லா இருக்காது" என்று சொல்லி எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்போது எனக்குக் கோபம். ஷெப்பர்டைப் படித்தபோதுதான் ஆயா மறுத்தது கூச்சத்தால் அல்ல என்று உறைத்தது.

கல்லூரி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவர்கள் வைட்டோடு ரயிலேறினார்கள். பெரும்பாலும் அடிமையாகப் பிறந்தவர்கள், சிலர் இருபது வயதைக்கூடத் தாண்டாதவர்கள். ஹோட்டல்களில் இடம் தர மறுத்தார்கள். ஜனங்களுக்கோ கறுப்பர் பாட்டு என்றால், வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அடித்த கூத்துதான். அதை எதிர்பார்த்து வந்து உட்கார்ந்தார்கள். சின்சினாட்டியில் ஐம்பது டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது. அந்த வாரம்தான் சிகாகோ பற்றியெரிந்திருந்தது. கையில் வேறு காசில்லாத இந்தப் பிள்ளைகள் அதை அப்படியே சிகாகோ நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பரில் ஓபர்லின் ஊரில் ஒரு திருச்சபை மாநாடு. பாதிரியார்கள் இடைவேளையில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையிலிருந்து மிக மெல்ல, 'ஸ்டீல் அவே' என்ற பழைய பாட்டு எழுந்தது. 'நழுவிப் போ' என்று சொல்கிற பாட்டு. ஆண்டைக்குத் தெரியாமல் காட்டில் கூடி ஜெபிக்கப் போனவர்கள் பாடியது. பேச்சு நின்றது. சுற்றுப்பயணத்தின் தலையெழுத்து அங்கே மாறியது. அடுத்த மாதம் நியூயார்க் பக்கம், 1873இல் விக்டோரியா ராணியின் முன்னால். தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பாடிய அதே பாட்டு. வந்த பணத்தில் கல்லூரியின் கடன் அடைந்தது. பழைய ராணுவக் கோட்டை இருந்த இடத்தை வாங்கி அதில் ஒரு பெரிய கட்டடம் எழுப்பினார்கள். ஜூபிலி ஹால், 1876 ஜனவரி 1 அன்று திறந்தது. ஃபிஸ்க்கில் படித்த கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், அந்தக் கட்டடம் பாட்டுகளாலேயே கட்டப்பட்டது போலத் தனக்குத் தோன்றும் என்று எழுதியிருக்கிறார். 1960 பிப்ரவரியில் நாஷ்வில்லின் கடைகளில் வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேசைகளில் போய் உட்கார்ந்து அடிபட்ட மாணவர்களிலும் ஃபிஸ்க் பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மே மாதமே அவற்றில் சில எல்லோருக்கும் திறந்தன.

ஆகவே உங்கள் மனைவிக்குச் சந்தேகம் வந்தது சரிதான். அது ஒப்பாரிக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டுதான். ஆனால் அதை அழுகையாகப் பாடுவதா, ஜெபமாகவா, மேடையிலா, டிக்கெட் போட்டா என்பதை முடிவு செய்தது பாடியவர்கள். விழா என்றால் அந்த முடிவைக் கொண்டாடுவது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கால் உதைக்கும் ஆட்டமும் இந்த ரகம்தான். கல்லூரிகளில் படித்த கறுப்பின மாணவர்கள் தங்களுக்காக அமைத்துக்கொண்ட சங்கங்களில் வளர்ந்தது. 1906இல் கார்னெல்லில் அப்படிப்பட்ட முதல் சங்கத்தைத் தொடங்கியவர்கள், வளாகத்தில் தங்களைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லாத ஏழு மாணவர்கள்.

'நமக்கு யார் குடுத்தா' என்றாரே நண்பர், அதற்கும் ஒன்று இருக்கிறது. 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற வருடத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம். அந்தக் கதவை அகலத் திறந்த சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் அதே வருடம் ஆகஸ்டில். சிவில் உரிமைப் போராட்டம் கிளப்பிய அலையில்தான் இரண்டும் வந்தன. உங்கள் விசாவின் வேரைத் தேடிப்போனால் அந்தத் தெருக்களுக்குத்தான் போய்ச்சேர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1936-37இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பெஞ்சமின் மேஸ் என்ற கறுப்பின அறிஞர் இந்தியா வந்தார். பிற்காலத்தில் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவர், மார்ட்டின் லூதர் கிங்கின் ஆசான். மைசூரில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் அவரை, 'இவரும் ஒரு தீண்டத்தகாதவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார்' என்று அறிமுகப்படுத்தினார். மேஸுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்து, அவர் சொன்னது உண்மைதானே என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவரை அடையாளம் காண ஒரு நிமிடம்தான் ஆயிற்று. நாம் அந்த அரங்கத்தில் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவரவர் ஊரையும் தெருவையும் பொறுத்தது. அதை நான் உங்களிடம் கேட்கப் போவதில்லை.

சாப்பாட்டைக் கோழி, மக்ரோனி, கீரை என்று பட்டியல் போட்டு எழுதியிருக்கிறீர்கள். அரங்கமே எழுந்து நின்ற பாட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. மகளுக்குத் தெரிந்திருக்கும். கேட்டு எழுதுங்கள்.