மேமோகிராம் நார்மல், ஆனால் கட்டி இருக்கிறதே?

கேள்வி: எனக்கு 44 வயது. போன மாதம் ஹெல்த் செக்கப்பில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தேன். நார்மல் என்றார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் ‘டென்ஸ் பிரெஸ்ட், டைப் சி’ என்று இருக்கிறது. அது புற்றுநோயின் ஆரம்பம் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. மாதவிடாய்க்கு முன் இரண்டு மார்பும் வலிக்கின்றன. நானே வைட்டமின் ஈ வாங்கிச் சாப்பிடுகிறேன். கதிர்வீச்சால் ஏதும் ஆகுமா? இடது மார்பில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று மூன்று மாதமாகத் தட்டுப்படுகிறது. வலியில்லை. படம் நார்மல் என்பதால் விட்டுவிட்டேன்.

பதில்: கடைசியில் எழுதியதை முதலில் எழுதியிருக்க வேண்டும். மூன்று மாதவிடாய் கடந்தும் கரையாத கட்டியை எந்த ‘நார்மல்’ ரிப்போர்ட்டை நம்பியும் விடக்கூடாது.

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், பால் சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஏ முதல் டி வரையுள்ள நான்கு வகையில் ‘சி’ என்றால் உங்களுக்குச் சுரப்பித் திசு அதிகம், அவ்வளவுதான். அது நோயின் ஆரம்பம் அல்ல. நோய் வரும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் உங்கள் விஷயத்தில் பெரிய தொல்லை, அது கட்டியை மறைத்துவிடும் என்பதுதான். சோற்றில் தேங்காய்த் துருவலைத் தேடுகிற கதை. கையில் தட்டுப்படும் புற்றுக்கட்டிகளிலேயே பத்தில் ஒன்றாவது இந்தப் படத்தில் சிக்காமல் போவதுண்டு. லோபுலர் என்றொரு வகை, செல்கள் ஒற்றை வரிசையாகப் பரவுவதால் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

படமெடுத்த பெண்ணிடம் கட்டி இருப்பதைச் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அந்த இடத்தில் சின்ன உலோகப் பொட்டு ஒட்டி, அதை மட்டும் தனியாக அழுத்தி எடுத்திருப்பார்கள். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் எடுப்பது அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கான பரிசோதனை. உங்களுக்கு அது போதாது.

இந்த வாரமே அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போங்கள். அவர் கையால் பரிசோதித்து, அந்த இடத்தில் அல்ட்ராசவுண்ட் பார்த்து, தேவையென்றால் ஊசியால் துளி திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்வார். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். இப்படி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரண நீர்க்கட்டியோ, ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டியோதான். ஆனால் அதைப் பரிசோதனை சொல்லட்டும். நீங்களோ நெட்டோ சொல்ல வேண்டாம்.

மாதவிடாய்க்கு முன் இரு பக்கமும் வலிப்பது ஹார்மோன் வேலை. வைட்டமின் ஈ-யை நிறுத்துங்கள். ஒரு மேமோகிராமின் கதிர்வீச்சு, நாம் சும்மா இருந்தாலே ஏழெட்டு வாரத்தில் இயற்கையிலிருந்து வாங்கிக்கொள்வதுதான்.

மறுபடி படமெடுக்கச் சொன்னால் அன்று அக்குளில் பவுடர், டியோடரன்ட் வேண்டாம். அந்தத் துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகள்போல விழுந்து, புற்றோ என்று பயமுறுத்தும். அப்படி ஒரு பெண்மணி அழுதுகொண்டே என்னிடம் வந்தார். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம், புள்ளிகளைக் காணோம்.

போகும்போது ரிப்போர்ட்டை மட்டுமல்ல, படத்தையும் எடுத்துப் போங்கள். படுத்தால் கட்டி நழுவித் தேட வைக்கும். அதனால் வீட்டிலேயே அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு போய், ஸ்கேன் எடுப்பவரிடம் விரல் வைத்துக் காட்டுங்கள்.